ஆனந்த சங்கர்

ஆனந்த சங்கர் (டிசம்பர் 11, 1942 – மார்ச் 26, 1999) இந்தியாவைச் சேர்ந்த சித்தார் கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். சித்தார், தபலா, மிருதங்கம் ஆகியவற்றை மின்கிதார், டிரம்ஸ், மூக் சிந்தசைசர் ஆகியவற்றோடு இணைத்து இசையமைத்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறார். 1975 இல் இவர் வெளியிட்ட "ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்" என்ற இசைத்தொகுப்பு நெடுங்காலம் மறுபதிப்பின்றிக் கிடந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் நடன விடுதிகளில் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது. இன்று இவர் பெயர் உலகின் பல நாடுகளில் அறியப்பட்டிருப்பதற்கு அந்த மறுகண்டுபிடிப்பே முதன்மையான காரணம் எனலாம். புகழ்பெற்ற நடனக் கலைஞர் உதய் சங்கரின் மகனும் சித்தார் மேதை இரவி சங்கரின் அண்ணன் மகனும் ஆவார்.

குடும்பமும் பிறப்பும்

ஆனந்த சங்கர் இன்றைய உத்தராகண்டம் மாநிலத்தில், இமயமலை அடிவாரப் பகுதியான அல்மோராவில் பிறந்தார். தந்தை உதய் சங்கர் 1920களில் உருசிய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவுடன் மேடையேறியவர். பின்னர் தமக்கென ஒரு குழுவை அமைத்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்திய நடனத்தை அறிமுகப்படுத்தினார். தாய் அமலா சங்கரும் அக்குழுவின் முதன்மையான நடனக் கலைஞர். தங்கை மமதா சங்கர் பின்னாளில் நடனக் கலைஞராகவும் வங்காளத் திரைப்பட நடிகையாகவும் பெயர் பெற்றார்.

1930களின் இறுதியில் உதய் சங்கர் அல்மோராவில் ஒரு கலைப் பயிற்சி மையத்தைத் தொடங்கியிருந்தார். இந்துசுத்தானி இசைக்கு அலாவுதீன் கான், கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, பரதநாட்டியத்திற்குக் கந்தப்பா பிள்ளை என நாட்டின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் அங்கே ஒரே வளாகத்தில் கற்பித்தனர். இவர்களுள் கந்தப்பா பிள்ளை சென்னையில் பாலசரசுவதிக்கு நடனம் பயிற்றுவித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. வெவ்வேறு மரபுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இக்குடும்பத்தில் புதிதன்று. மகன் பிற்காலத்தில் இசையில் செய்ததைத் தந்தை முன்னரே நடனத்தில் செய்து பார்த்திருந்தார். ஆனந்த சங்கர் பிறந்த சிறிது காலத்திலேயே பணமுடையால் மையம் மூடப்பட்டது.

சென்னையும் "கல்பனா" திரைப்படமும்

அல்மோரா மையம் மூடப்பட்டபின் உதய் சங்கர் தமது ஒரே திரைப்படமான "கல்பனா"வை எடுப்பதற்காகச் சென்னைக்கு வந்தார். எசு. எசு. வாசனின் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உருவான இப்படம் 1948 இல் வெளிவந்தது. உதய் சங்கரும் அமலாவும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தனர். தமிழ்த் திரைப்பட உலகைச் சேர்ந்த கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். பின்னாளில் தமிழ்த் திரையின் முன்னணி நடிகையான பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியது இப்படத்தில்தான்.

அதே ஆண்டில் வெளிவந்த வாசனின் "சந்திரலேகா"வும் அதே நிலையத்தில் உருவானதே. அப்படத்தின் முரசு நடனத்தைத் தமிழ் வாசகர்கள் பலரும் அறிவர். ஆனந்த சங்கரின் மிகப் புகழ்பெற்ற இசைத்துண்டுகளில் ஒன்றுக்கு ஆடும் முரசுகள் என்று பொருள்படும் பெயர் அமைந்தது தற்செயலே ஆகலாம்.

"கல்பனா" வணிக முறையில் வெற்றி பெறவில்லை. உதய் சங்கர் குடும்பம் பின்னர் கல்கத்தாவில் நிலைபெற்றது. ஆனந்த சங்கரின் வாழ்நாளில் பெரும்பகுதியும் அந்நகரோடு பிணைந்ததாகவே இருந்தது.

கல்வியும் இசைப் பயிற்சியும்

ஆனந்த சங்கர் குவாலியரிலுள்ள சிந்தியா பள்ளியில் பயின்றார். சித்தார் பயில்வதற்கு இவர் தமது சிற்றப்பா இரவி சங்கரிடம் செல்லவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் லால்மணி மிசுராவிடம் மாணவராகச் சேர்ந்தார். மிசுரா விசித்திர வீணையில் வல்லவர், இசையியல் அறிஞர், 1950களின் தொடக்கத்தில் உதய் சங்கர் குழுவின் இசைப்பொறுப்பையும் ஏற்றிருந்தவர். ஆதலால் குடும்பத்திற்கு அறிமுகமானவரே.

சங்கர் என்ற குடும்பப் பெயரோடு சித்தாரைக் கையில் எடுத்த எவரும் இரவி சங்கரோடு ஒப்பிடப்படாமல் தப்ப முடியாது. வேறு ஆசிரியரிடம் கற்றதும், பின்னர் கச்சேரி மரபை விட்டு விலகி வேறு வழியில் சென்றதும் இவருக்கு ஒரு தனியிடத்தை அளித்தன. ஆயினும் அந்த இடம் நெடுங்காலம் சிறியதாகவே இருந்தது.

அமெரிக்கப் பயணமும் முதல் இசைத்தொகுப்பும்

1960களின் பிற்பகுதியில் மேற்கத்திய ராக் இசையில் சித்தார் ஒரு நாகரிகமாகவே பரவியிருந்தது. 1965 இல் பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாடலில் அதைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டு அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் இரவி சங்கரிடம் மாணவரானார். 1967 இல் மான்டரேயிலும் 1969 இல் வுட்ஸ்டாக்கிலும் நடந்த பெருவிழாக்களில் இரவி சங்கர் வாசித்தார். எனினும் செவ்வியல் இசையை ராக் இசையோடு கலப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. அவ்வாறு கலக்கும் முயற்சியோ அவருடைய குடும்பத்திலிருந்தே வந்தது.

இக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குச் சென்ற ஆனந்த சங்கர் அங்கே கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உள்ளிட்ட பலரோடு சேர்ந்து வாசித்தார். ஹென்ட்ரிக்ஸின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் வெளியிட்டு வந்த ரிப்ரைஸ் நிறுவனம் இவரையும் ஒப்பந்தம் செய்தது. 1970 இல் "ஆனந்த சங்கர்" என்ற பெயரிலேயே முதல் தொகுப்பு வெளிவந்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் "ஜம்பிங் ஜாக் ஃபிளாஷ்", டோர்ஸ் குழுவின் "லைட் மை ஃபயர்" ஆகிய இரு பாடல்களின் சித்தார் வடிவங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. இத்தேர்வு கவனிக்கத்தக்கது. சித்தார் ஓர் ஆதார சுருதிக்கேற்பச் சுருதி சேர்க்கப்படும் கருவி. வாசிக்கும் தந்திகளுக்கு அடியில் 11 முதல் 13 வரையிலான பரிவுத் தந்திகள் உள்ளன. இவை விரலால் மீட்டப்படாமலேயே, மேலே எழும் சுரங்களுக்கு ஏற்பத் தாமாக அதிர்பவை. ராக் பாடல்களிலோ கார்டு எனப்படும் சுரச்சேர்க்கைகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் பரிவுத் தந்திகளின் கார்வை பொருந்தாமல் போகும். மேற்குறித்த இரு பாடல்களுள் முதலாவது, திரும்பத் திரும்ப வரும் ஒரு கிதார்த் துணுக்கின்மேல் நிற்பது. இரண்டாவதன் நீண்ட கருவியிசைப் பகுதி இரண்டே கார்டுகளில் சுழல்வது. ஒரே சுருதியில் நின்று விரிவாக்கும் இந்திய முறைக்கு இவை இடங்கொடுத்தன.

எனினும் தொகுப்பின் உண்மையான சிறப்பு இவ்விரு பாடல்களில் இல்லை. கடல் என்று பொருள்படும் "சாகர்" 13 நிமிடங்களுக்கும் மேல் நீளும் சொந்தப் படைப்பு. இதில் சித்தாரும் மூக் சிந்தசைசரும் அவசரமின்றி ஒன்றையொன்று தொடர்கின்றன. மூக் என்பது இராபர்ட் மூக் 1960களில் உருவாக்கிய மின்னணு இசைக்கருவி. மின்னழுத்தத்தை மாற்றி ஒலியின் சுருதியையும் தன்மையையும் ஆள்வது. பியானோவைப் போலத் தனித்தனிப் படிகளாக மட்டுமன்றி, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் அதனால் இயலும். கமகங்களுக்குப் பழகிய காதுக்கு இது அயலானதாகத் தோன்றாது. மரத்தாலும் தந்தியாலும் ஆன பழங்கருவி ஒன்றும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த புதுக்கருவி ஒன்றும் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியமைக்கு இதுவே காரணம் எனக் கொள்ளலாம். "இரகுபதி" என்ற பசனைப் பாடலின் வடிவமும் இத்தொகுப்பில் உள்ளது.

இந்தியா திரும்பல், 1975 ஆம் ஆண்டுத் தொகுப்பு

1970களின் தொடக்கத்தில் ஆனந்த சங்கர் இந்தியா திரும்பிக் கல்கத்தாவில் தங்கினார். மிருணாள் சென் இயக்கிய "கோரசு" (1974) என்ற வங்காளத் திரைப்படத்திற்கு இவர் அமைத்த இசை, சிறந்த இசையமைப்பிற்கான தேசியத் திரைப்பட விருதைப் பெற்றது.

1975 இல் "ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்" வெளிவந்தது. எச்.எம்.வி. என்று மக்கள் அறிந்திருந்த கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா இதை எல்பி இசைத்தட்டாக வெளியிட்டது. சித்தார், மின்கிதார், தபலா, மிருதங்கம், டிரம்ஸ், மூக் சிந்தசைசர் ஆகியவை இதில் ஒருங்கே ஒலிக்கின்றன. முதல் தொகுப்பில் இந்திய இசை ராக் இசைக்குள் நுழைந்தது என்றால், இதில் நிலைமை தலைகீழானது. பிறர் பாடல்கள் எவையும் இல்லை. தாளமே முன்னிலை பெறுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஃபங்க் இசையின் அழுத்தமான தாளக்கட்டின்மேல் இந்தியத் தோற்கருவிகள் பேசுகின்றன.

"ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா" (கல்கத்தாவின் தெருக்கள்), "டான்சிங் டிரம்ஸ்" (ஆடும் முரசுகள்) ஆகிய இரண்டும் இத்தொகுப்பின் சிறந்த படைப்புகளாகக் கருதப்படுகின்றன. முதலாவதில் மின்கிதாரும் சித்தாரும் நகர நெரிசலைப் போல ஒன்றையொன்று முந்துகின்றன. இரண்டாவதில் தோற்கருவிகள் தனித்து ஒலிக்கும் இடைவெளிகள் உள்ளன. இந்த இடைவெளிகளே இருபது ஆண்டுகளுக்குப் பின் இத்தொகுப்பின் தலைவிதியை மாற்றின.

அன்றைய இந்தியச் சந்தை திரைப்பாடல்களின் சந்தையாக இருந்தது. திரைப்படமும் பாடகரும் பாடல் வரிகளும் இல்லாத ஒரு தொகுப்பு இசைத்தட்டுக் கடையில் எந்த அடுக்கில் வைக்கப்படும் என்பதே கேள்விக்குரியது. செவ்வியல் இசை விரும்பிகளுக்கு இது ஆடல் இசை. மேற்கத்திய இசை விரும்பிகளுக்கு இது சித்தார் இசை. தொகுப்பு பின்னர் நெடுங்காலம் மறுபதிப்புக் காணாமல் போனது.

பிற்காலப் பணிகள்

இதன் பின்னரும் இவர் தொடர்ந்து இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். "மிஸ்ஸிங் யூ" (1977), "எ மியூசிக்கல் டிஸ்கவரி ஆஃப் இந்தியா" (1978), "2001" (1984) ஆகியன அவற்றுட் சில. 1981 இல் வெளிவந்த "ச-ரி-க மச்சான்" காட்டையும் விலங்குகளையும் கருப்பொருளாகக் கொண்டது. இப்பெயரிலுள்ள மச்சான் தமிழ் உறவுமுறைச் சொல் அன்று. காட்டில் விலங்குகளைக் கண்காணிக்க மரத்தின்மேல் கட்டப்படும் பரணைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லாகும்.

இவருடைய மனைவி தனுசிறீ சங்கர் உதய் சங்கர் மரபில் பயின்ற நடனக் கலைஞர். அவருடைய நடன நிகழ்ச்சிகளுக்கு ஆனந்த சங்கர் இசையமைத்தார். உதய் சங்கர் 1970களின் தொடக்கத்தில் மேடை நடனத்தையும் திரைப்படத்தையும் இணைத்து "சங்கர்ஸ்கோப்" என்ற நிகழ்ச்சியைக் கல்கத்தாவில் நடத்தியிருந்தார். இசையும் நடனமும் காட்சியும் ஒன்றுசேரும் மேடை நிகழ்ச்சிகளில் மகனும் ஈடுபாடு காட்டினார். இந்தியாவில், குறிப்பாக வங்காளத்தில், இவர் அறியப்பட்ட கலைஞராகவே இருந்தார். மறக்கப்பட்டது இவர் அல்லர். இவருடைய 1975 ஆம் ஆண்டு இசைத்தட்டே.

மறுகண்டுபிடிப்பு

1980களிலிருந்து இலண்டனில் "ரேர் குரூவ்" எனப்படும் ஒரு வழக்கம் பரவியிருந்தது. நடன விடுதிகளில் இசைத்தட்டுகளைச் சுழற்றும் டி.ஜே.க்கள், எவரும் அறியாத பழைய ஃபங்க், சோல் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து ஒலிக்கச் செய்வதே அது. பழைய இசைத்தட்டுக் கடைகளில் பெட்டி பெட்டியாகப் புரட்டுவது அவர்களுடைய அன்றாடத் தொழில். சென்னையில் 1985 ஆம் ஆண்டுத் தீ விபத்துக்கு முன்பிருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைத் தேடியவர்களுக்கு இந்த மனநிலை எளிதில் விளங்கும்.

டி.ஜே. ஒருவருக்கு முழுப் பாடலைவிட முக்கியமானது, பிற கருவிகள் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகள். இதை "பிரேக்" என்பர். இரு சுழல்தட்டுகளைக் கொண்டு அப்பகுதியை நீட்டிக்கலாம். சாம்ப்ளர் கருவியில் பதிந்து புதிய பாடலுக்கு அடித்தளமாக்கலாம். "டான்சிங் டிரம்ஸ்" இத்தகைய இடைவெளிகளைத் தன்னுள் கொண்டிருந்தது. 1975 இல் எந்த அடுக்கிலும் வைக்க இயலாதிருந்த தன்மையே 1990களில் அதன் மதிப்பாயிற்று.

1990களின் நடுப்பகுதியில் இவருடைய இசை இலண்டன் டி.ஜே.க்களின் நிகழ்ச்சிகளில் இடம்பெறத் தொடங்கியது. 1996 இல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் "புளூ ஜூஸ்" என்ற தொகுப்பின் முதற் பகுதியை வெளியிட்டது. அதில் "டான்சிங் டிரம்ஸ்", "ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா" இரண்டும் சேர்க்கப்பட்டன. ஜாஸ் இசைக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனம் ஒன்றின் முத்திரையோடு வந்ததால், கடைகளில் தேடியலைய இயலாதவர்களுக்கும் இவ்விசை கிடைத்தது. இந்நிறுவனத்தை, இலண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் அக்காலத்தில் இயங்கிய புளூ நோட் என்ற விடுதியோடு குழப்பிக்கொள்ளலாகாது. பெயர் ஒன்றாயினும் அவை வேறு வேறு. ஆயினும் அவ்விடுதிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தபலா கலைஞர் தல்வின் சிங் நடத்திய "அனோகா" நிகழ்ச்சிகள் அங்கேதான் நடந்தன. பிரித்தானியாவில் வளர்ந்த தெற்காசிய இளைஞர்கள் தங்கள் பெற்றோரின் இசையையும் தங்கள் நகரத்தின் மின்னணு இசையையும் சேர்த்து உருவாக்கிய அலை அது. அவர்களைப் பொறுத்தவரை ஆனந்த சங்கரின் இசைத்தட்டு ஒரு பழம்பொருள் மட்டுமன்று. தாங்கள் புதிதாகச் செய்வதாக எண்ணியதை ஒருவர் 1975 இலேயே கல்கத்தாவில் செய்து முடித்திருந்தார் என்பதற்கு அது சான்றாக இருந்தது.

இத்தகைய மீட்பு ஆசியாவின் பிற நாடுகளின் இசைக்கும் நிகழ்ந்தது. "புளூ ஜூஸ்" வெளிவந்த அதே 1996 இல் "கம்போடியன் ராக்ஸ்" என்ற தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்து, கெமர் ரூச் ஆட்சிக்கு முந்தைய கம்போடிய ராக் இசையை உலகுக்கு அறிவித்தது. கொரிய ராக் இசையின் தந்தை எனப்படும் சின் சுங்-யோனின் பாடல்கள் 1975 இல் பார்க் சுங்-கீ அரசால் தடைசெய்யப்பட்டன. குடியரசுத் தலைவரைப் புகழ்ந்து பாடல் எழுத அவர் முன்னர் மறுத்திருந்தார். அவருடைய பழைய பதிவுகளின் தொகுப்பு ஒன்று 2011 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டுப் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. கம்போடியாவில் போரும் படுகொலையும், கொரியாவில் அரச தடையும் இசைத்தட்டுகளை மறைத்தன. ஆனந்த சங்கருக்கு அத்தகைய பகை ஏதும் இருக்கவில்லை. மறுபதிப்பு வராததே போதுமானதாக இருந்தது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கம்போடியப் பாடகர்கள் பலர் தங்கள் இசை மீண்டதைக் காண உயிரோடு இல்லை. ஆனந்த சங்கர் இருந்தார்.

இறுதிக் காலமும் மறைவும்

1990களின் பிற்பகுதியில் ஆனந்த சங்கர் பிரித்தானியாவுக்குச் சென்று, "ஸ்டேட் ஆஃப் பெங்கால்" என்ற பெயரில் இயங்கிய டி.ஜே. சாம் சமானுடன் இணைந்து பணியாற்றினார். சமான் அனோகா அலையைச் சேர்ந்தவர். வோமாட் என்னும் உலக இசை விழா மேடைகளில் இருவரும் சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினர். ஐம்பது வயதைக் கடந்த கல்கத்தா சித்தார் கலைஞர் ஒருவர், தம்முடைய பழைய இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களோடு மேடையைப் பகிர்ந்துகொண்டார். சித்தாருடன் ஹிப்-ஹாப், பிரேக்பீட் தாளங்கள் கலந்த "வாக்கிங் ஆன்" என்ற தொகுப்பு இக்கூட்டுறவின் விளைவாகும்.

அத்தொகுப்பு கடைகளுக்கு வருவதற்குள், 1999 மார்ச் 26 அன்று ஆனந்த சங்கர் இதயச் செயலிழப்பினால் எதிர்பாராதவிதமாகக் காலமானார். அப்போது அவருக்கு வயது 56. "வாக்கிங் ஆன்" அவர் மறைவுக்குப் பின் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்டு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. சாம் சமானும் 2015 இல் காலமானார்.

மறைவுக்குப் பின்

1975 ஆம் ஆண்டுத் தொகுப்பு, வெளிவந்து 30 ஆண்டுகளுக்குப் பின் 2005 இல் குறுந்தகடாக மறுபதிப்புச் செய்யப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்" என்ற நிகழ்பட விளையாட்டின் கற்பனை வானொலி நிலையம் ஒன்றில் முதல் தொகுப்பின் "இரகுபதி" சேர்க்கப்பட்டது. சித்தார் இசையைத் தேடிச் செல்லாத இளைஞர் பலர் இவருடைய வாசிப்பை முதன்முதலில் கேட்டது இவ்விளையாட்டின் வழியாகவே.

சென்னை ஜெமினியில் உருவான "கல்பனா"வும் நெடுங்காலம் பார்க்கக் கிடைக்காமல் இருந்தது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய உலகத் திரைப்பட அறக்கட்டளை அதனைச் சீரமைத்தது. 2012 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டபோது அமலா சங்கர் நேரில் கலந்துகொண்டார். அவர் 2020 இல் கொல்கத்தாவில் காலமானார்.